சுழி போட்ட தாள்

உங்களுக்கு இப்போ சர்வே எடுக்க டேப்லெட் குடுத்துட்டாங்களாமே. பிள்ளைங்க விரலால தொட்டுத் தொட்டு பதில் போட்டா நேரா மேல போயிடுமாம். தாளும் இல்லை, பேனாவும் இல்லை, நடுவுல யாரும் எட்டிப் பாக்கவும் முடியாதாம். போன வாரம் என்னைப் பாக்க வந்த புது மிஸ்ஸிங்க ரெண்டு பேர் இதைச் சொல்லிச் சொல்லி சந்தோஷப்பட்டாங்க. நல்லதுதான், சந்தோஷப்படுங்க. ஆனா அதுல ஒண்ணு, "இனிமே ரகசியத்தைப் பத்தி நமக்குக் கவலையே இல்லை மிஸ்ஸி"ன்னு சொல்லுச்சு பாருங்க, எனக்குச் சுருக்குன்னு கோபம் வந்துடுச்சு. ரெண்டு பேரையும் பிடிச்சு உக்கார வச்சு ஒரு விஷயம் சொன்னேன். அதைத்தான் இப்போ உங்க எல்லாருக்கும் சேத்து எழுதறேன்.

நான் முப்பது வருஷத்துக்கு மேல மிஸ்ஸியா இருந்தவ. இந்த நாட்டுல மலாய்க்காரங்க, சீனவங்க, நம்மாளுங்க எல்லாருமே நர்ஸை மிஸ்ஸின்னுதான் கூப்பிடுவாங்க, ரிட்டயர் ஆன பிறகும் எனக்கு அந்தப் பேர் போகல. கடைசிப் பத்துப் பன்னெண்டு வருஷம் கேமரன் மலையில பள்ளிக்கூட சுகாதார வேலை. ஊசி போடறது, எடை பாக்கறது, தலையில பேன் பாக்கறது எல்லாம் உண்டு. அதோட, இடைநிலைப் பள்ளிகளுக்குப் போய் எச்.ஐ.வி. பத்திப் பேசணும், பேசி முடிச்சதும் பிள்ளைங்ககிட்ட சர்வே எடுக்கணும். நோயைப் பத்தி என்ன தெரியும், சிகரெட் குடி பழக்கம் உண்டா, இதையெல்லாம் பேச வீட்டுல ஆள் இருக்கா, இப்படி. தாளை எப்படி நிரப்பறது, எப்படி எண்ணறதுன்னு கோர்ஸ்ல உங்களுக்குச் சொல்லிக் குடுத்துடுவாங்க. நான் சொல்லப் போறது கோர்ஸ்ல வராது.

பேர் எதுவும் சொல்ல மாட்டேன். பள்ளிக்கூடம், எஸ்டேட், அந்தப் பொண்ணு, அவ அம்மா, அந்த டீச்சர், யாரு பேரும் இதுல வராது. ஒரு தடவை காட்டிக் குடுத்ததே போதும்.

அது நாலாம் படிவ வகுப்பு, பதினாறு வயசுப் பிள்ளைங்க. மலாய்ப் பிள்ளைங்க, சீனப் பிள்ளைங்களுக்கு நடுவுல நம்ம பிள்ளைங்க ஒன்பது பேர். ரெண்டு பேர் திரிங்காப்ல காய்கறி போடறவங்க பிள்ளைங்க, ஒருத்தி அந்தப் பள்ளிக்கூடத்து டீச்சர் மக, மிச்சம் எல்லாம் தேயிலை எஸ்டேட் லயத்துல, வரிசை வீட்டுல இருக்கற பிள்ளைங்க. காலையில இருட்டுலயே பஸ் ஏறி வர்றதுங்க, ஸ்வெட்டர் கையை விரல் வரைக்கும் இழுத்து விட்டுக்கிட்டு உக்காந்திருக்கும். நான் ஒரு மணி நேரம் மலாய்ல பேசினேன். பையனுங்க கொஞ்ச நேரம் கிசுகிசுன்னு சிரிச்சானுங்க, நான் ஒரு முறை முறைச்சதும் அடங்கிட்டானுங்க. அப்புறம் தாளைக் குடுத்தோம். எப்பவும் சொல்றதை அன்னைக்கும் சொன்னேன்: "பேர் எழுத வேணாம். யாரு எழுதினதுன்னு எனக்கே தெரியாது. வாயால கேக்க முடியாத கேள்வி இருந்தா கடைசிப் பக்கத்துல எழுதுங்க." இதைச் சொல்றப்ப எனக்கு உள்ளுக்குள்ள ஒரு பெருமை. நாம எவ்வளவு நல்லவங்கன்னு நெனைச்சுக்கற பெருமைதான், வேற என்ன.

சும்மா வரிசை வரிசையா நடந்துகிட்டிருந்தேன். ஜன்னல் ஓரத்துல ஒரு பொண்ணு, தாள் கைக்கு வந்ததும் ஒரு கட்டத்தையும் தொடல. முதல்ல தாளோட தலையில நடு மத்தியில பிள்ளையார் சுழி போட்டா. வால் நல்லா நீளமா இழுத்து, கீழ ரெண்டு கோடு போட்டு, அப்புறந்தான் முதல் கேள்வியைப் படிக்க ஆரம்பிச்சா. எனக்கு அப்படியே மனசு குளிர்ந்து போச்சு. மளிகை சாமான் லிஸ்ட் எழுதினாக்கூட சுழி போடாம எழுதத் தெரியாது எனக்கு. இந்தக் காலத்துப் பிள்ளைங்க எவ போடறா? எட்டி அவ தலையைத் தடவிக் குடுக்கலாம்னுகூட நெனைச்சேன்.

என் கூட ஒரு மலாய்ப் பொண்ணு வந்திருந்துச்சு, வேலைக்குச் சேந்து ஆறு மாசம்கூட ஆகல. என்னை 'கக்'னு கூப்பிடும், நம்ம அக்கா மாதிரி. அது பின்னாடியே வந்து என் காதுல கேட்டுச்சு: "கக், அந்தப் பிள்ளை தாள்ல ஏதோ அடையாளம் போட்டிருக்கே. வேற தாள் குடுத்துடவா?"

நான் சிரிச்சேன். "அது ஒண்ணும் இல்லலா. சாமி கும்பிட்டுட்டு எழுதறா, அவ்வளவுதான்"னு சொன்னேன்.

அங்கதான் கோட்டை விட்டேன். அந்த மலாய்ப் பொண்ணு கண்ணுக்கு அது அடையாளம். என் கண்ணுக்கு அது நம்ம வீட்டுப் பிள்ளையோட நல்ல பழக்கம். கையில உபரியா இருபது தாள் இருந்துச்சு. "இந்தா கண்ணு, இதுல எழுது, மேல ஒண்ணும் போடாத"ன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா முடிஞ்சு போச்சு. நம்மவங்ககிட்ட போறப்பதான் நாம ரொம்ப அசால்ட்டா இருக்கோம், நான் அப்படித்தான் இருந்தேன்.

தாளெல்லாம் வாங்கி, பிள்ளைங்க கண்ணு முன்னாடியே உறையில போட்டு ஒட்டினேன். ஆபீஸ் போய்த்தான் பிரிக்கணும், அதுதான் விதி. ஆனா அன்னைக்கு மதியம் பெரிய மழை, கீழ ரிங்லெட் போற ரோட்டுல மண்ணு சரிஞ்சு வண்டி ஓடல. ரோடு திறக்கற வரைக்கும் உக்காருங்கன்னு டீச்சர்ங்க ரூம்ல இடம் குடுத்தாங்க. ஒரு மணி நேரம் போச்சு, ரெண்டு மணி நேரம் போச்சு. குளிர் வேற. மலாய்ப் பொண்ணு டிரைவர்கிட்ட விசாரிக்கப் போயிருந்துச்சு. சும்மா உக்காந்திருக்கறதுக்கு, பிள்ளைங்க எல்லாக் கட்டத்தையும் நிரப்பியிருக்காங்களான்னு பாத்துடலாமேன்னு உறையைப் பிரிச்சு தாளை மேசையில அடுக்கினேன். வேலை செய்யற மாதிரியும் ஆச்சு, பொழுது போற மாதிரியும் ஆச்சு.

அப்போ அந்தப் பள்ளிக்கூடத்துக் கணக்கு டீச்சர் எனக்கு டீ கொண்டு வந்தாங்க. நம்மவங்கதான். அவங்களைக் கெட்டவங்கன்னு நெனைச்சிடாதீங்க. சனிக்கிழமையானா லயத்துப் பிள்ளைங்களுக்குக் காசு வாங்காம டியூஷன் சொல்லிக் குடுக்கற மனுஷி. டீயை வச்சுட்டு எதிர்ல உக்காந்தாங்க. மேசையைப் பாத்தாங்க, முகம் மலர்ந்துச்சு.

"அட, இது நம்ம பொண்ணு சுழியாச்சே! தினம் கணக்கு நோட்டுல பாத்துப் பாத்து என் கண்ணுலயே ஒட்டிக்கிச்சு மிஸ்ஸி. என்ன எழுதியிருக்கா பாப்போம்."

சொல்லிக்கிட்டே தாளை உருவிட்டாங்க. வருஷம் பூரா பிள்ளைங்க தாளைத் திருத்தற கை, அது பாட்டுக்குப் போகுது. நான் பிஸ்கட்டை டீயில நனைச்சுக்கிட்டு இருந்தேன். "டீச்சர், குடுங்க குடுங்க"ன்னு நான் எந்திரிக்கறதுக்குள்ள அவங்க கடைசிப் பக்கத்தைத் திருப்பிட்டாங்க.

அதுல மலாய்ல நாலு வரி. தமிழ்ல சொன்னா இவ்வளவுதான்: "என் அம்மாவுக்கு இந்த நோய் இருக்கு. மாத்திரை சாப்பிடறாங்க. தம்பிக்கு அவங்க தட்டுலேருந்தே ஊட்டறாங்க. அவனுக்கு வந்துடுமா? ஊட்டாதீங்கன்னு சொன்னா அம்மா அழுவாங்க."

டீச்சர் முகத்துல ரத்தமே இல்லை. "மிஸ்ஸி, என் மக தினம் இவகூடத்தான் சாப்பிடறா. ஒரே டப்பாவுல"ன்னாங்க. அவங்க மகளும் அதே வகுப்புதான், இந்தப் பொண்ணுக்குப் பக்கத்து நாற்காலி.

இப்போ நான் சொல்றதைக் கவனமா கேளுங்க. அந்த இடத்துல எனக்கு ஒரு அரை நிமிஷம் இருந்துச்சு. "யாரு எழுதினா என்ன டீச்சர், ஒரே தட்டுல சாப்பிட்டா வராது, ஊட்டினா வராது, உங்க மகளுக்கு ஒண்ணும் ஆகாது"ன்னு சொல்லியிருக்கணும். அப்புறம் அவங்க எதிர்லயே உக்காந்து, அவங்க பயம் அடங்கற வரைக்கும் பேசியிருக்கணும். காலையில முப்பது பிள்ளைங்களுக்கு வாய் வலிக்க இதைத்தானே சொன்னேன்? படிச்ச டீச்சருக்குத் தெரியாமலா இருக்கும்னு நெனைச்சுட்டேன். நான் என்ன செஞ்சேன் தெரியுமா? தாளை வெடுக்குன்னு பிடுங்கிக் கவுத்து வச்சுட்டு, "வெளிய மட்டும் சொல்லிடாதீங்க டீச்சர்"னு கெஞ்சினேன். வெளிய சொல்லக் கூடாத அளவுக்குப் பயங்கரமான விஷயம்னு நானே முத்திரை குத்திக் குடுத்துட்டேன். அதுக்குள்ள மலாய்ப் பொண்ணு வந்து ரோடு திறந்தாச்சுன்னு சொல்லுச்சு. அப்பாடான்னு வண்டி ஏறிட்டேன்.

டீச்சர் ஊர் பூரா தம்பட்டம் அடிக்கல. சொந்த மககிட்ட மட்டும் சொன்னாங்க, கொஞ்ச நாளைக்குத் தனியா சாப்பிடும்மான்னு. பதினாறு வயசுப் பொண்ணு சும்மா இருப்பாளா? ஏன் ஏன்னு கேட்டு வாங்கிட்டா. அவ நம்பின ஒருத்திகிட்ட சொன்னா. அவ லயத்துல இருக்கறவ.

மூணு வாரம் கழிச்சு அதே வகுப்புக்கு அடுத்த பாடம் எடுக்கப் போனேன். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லியே ஆகணும்னு தயார் பண்ணிக்கிட்டுப் போனேன். பொதுவா எல்லாருக்கும் சொல்ற மாதிரி சொன்னா யாருக்கும் தெரியாதுன்னு என் புத்திசாலித்தனம். உள்ள நுழைஞ்சா, ஜன்னல் ஓரத்து நாற்காலி காலி. அந்தப் பொண்ணு கடைசி வரிசையில தன்னந்தனியா உக்காந்திருக்கு. விஷயம் வெளிய போயிடுச்சுன்னு அப்பவே தெரிஞ்சு போச்சு. இருந்தும் வாயை மூடல நான். "வீட்டுல யாருக்காவது இந்த நோய் இருந்தா அவங்க கையால ஊட்டிச் சாப்பிடலாம், ஒண்ணும் ஆகாது. மருந்தை ஒழுங்கா சாப்பிட்டா அவங்களும் ரொம்ப காலம் நல்லா இருப்பாங்க"ன்னு சொன்னேன். சொல்லி முடிக்கல, நம்ம பிள்ளைங்க எட்டுப் பேரும் ஒண்ணா தலையைத் திருப்பி அவளைப் பாத்தாங்க. அதைப் பாத்து மத்த பிள்ளைங்களும் திரும்பினாங்க. அவ குனிஞ்ச தலை நிமிரல. பதில் சரியான பதில்தான். அதைச் சொல்ல வேண்டிய நாள் மூணு வாரத்துக்கு முன்னாடியே போயிடுச்சு.

அப்புறம் ரெண்டு மாசம் இருக்கும். ஈப்போவுல இருக்கற ஆஸ்பத்திரியிலேருந்து எங்க கிளினிக்குக்கு போன். மலையிலேருந்து வர்ற ஒரு அம்மா ரெண்டு தடவையா மருந்து வாங்க வரல, கொஞ்சம் பாத்து அனுப்புங்கன்னாங்க. விலாசத்தைக் கேட்டதும் எனக்குத் தெரிஞ்சு போச்சு. அந்த அம்மா இத்தனை வருஷமும் எங்க கிளினிக் பக்கமே தலை காட்டாம, பிரிஞ்சாங்ல பஸ் ஏறி ஈப்போ வரைக்கும் போய் மருந்து வாங்கினவங்க. லயத்துல யாருக்கும் தெரியக் கூடாதுங்கற ஒரே காரணத்துக்காக. அவங்க புருஷன் திரிங்காப் காய்கறியை லோரியில கோலாலம்பூருக்கு ஏத்திக்கிட்டுப் போனவரு. நோயைக் குடுத்துட்டு அவரு முன்னாடியே போய்ச் சேந்துட்டாரு. அந்த அம்மாவுக்கும் உடம்பு நல்லா இறங்கின பிறகுதான் தெரிஞ்சு மருந்து ஆரம்பிச்சாங்க, மருந்துலதான் எந்திரிச்சு நடமாடினாங்க. விட்டா தாங்காத உடம்பு.

யூனிபார்ம் போடாம, ஆபீஸ் வண்டி எடுக்காம, என் சொந்த காடியில போனேன். பெரிய ரகசியப் போலீஸ்னு நெனைப்பு. லயத்து வாசல்ல இறங்கினதுமே ஒரு கிழவர், "என்ன மிஸ்ஸி, இந்தப் பக்கம்?"னு கேட்டாரு. இந்த மலையில என்னைத் தெரியாதவங்க யாரு? அந்த அம்மா கதவைப் பாதி திறந்து நின்னாங்க. உள்ள வாங்கன்னு சொல்லல. அஞ்சாறு வயசுப் பையன் அவங்க கைலியைப் பிடிச்சுக்கிட்டு நின்னான்.

"மருந்து வாங்கப் போகலையாம்மா?"

"மெதுவா பேசுங்க மிஸ்ஸி."

"ஏம்மா போகல?"

"எதுக்குப் போகணும்? பஸ் ஏறினா, பாரு மருந்து வாங்கப் போறாங்கறாங்க. போகாட்டி, சும்மா வதந்தி போலிருக்குங்கறாங்க. நான் போகல."

அப்புறம் அவங்களே சொன்னாங்க. தேயிலை வெட்டற மிஷினை ரெண்டு பேர் பிடிக்கணும், இந்தப் பக்கம் ஒருத்தர், அந்தப் பக்கம் ஒருத்தர். பன்னெண்டு வருஷமா கூடப் பிடிச்சவ, இடுப்பு வலின்னு சொல்லிட்டு வேற ஆளோட போயிட்டாளாம். இப்போ அந்தப் பக்கம் பிடிக்கறது ஒரு பங்களாதேஷ் ஆள், அவனுக்குத் தமிழ் தெரியாது, அதனால இன்னும் விஷயம் தெரியாது. கோயில் பூஜைக்குக் காய் நறுக்கப் போனா கத்தியைக் கையிலேருந்து வாங்கி வச்சுட்டாங்களாம், "நீங்க ரெஸ்ட் எடுங்கக்கா"ன்னு மரியாதையாவே.

"நான் மேனேஜர் துரைகிட்ட பேசறேன்மா. ஆபீஸ் கிராணியை விட்டு எல்லாரையும் கூப்பிட்டுச் சொல்லச் சொல்றேன்."

"சொல்லுங்க. துரை ஒருத்தருக்குத்தான் இன்னும் தெரியாது, அவருக்கும் சொல்லிடுங்க."

எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கலாம் போல இருந்துச்சு. சரி, நானே ஈப்போ போய் மருந்து வாங்கி வர்றேன், பிரிஞ்சாங் மார்க்கெட்ல காய்கறிப் பையில வச்சுக் குடுக்கறேன், யாருக்கும் தெரியாதுன்னு கெஞ்சினேன்.

"யாருக்கும் தெரியாதுன்னு பள்ளிக்கூடத்துலயும் சொன்னீங்களாமே?" அவங்க கத்தல, திட்டல. பையன் தலையில கை வச்சுக்கிட்டே சொன்னாங்க. "இந்த வீடு நான் வேலை செய்யற வரைக்குந்தான் மிஸ்ஸி. கூட வேலை செய்ய ஆள் இல்லைன்னா வேலை இல்லை, வேலை இல்லைன்னா வீடு இல்லை. பொண்ணுக்கு ஐந்தாம் படிவப் பரீட்சை முடியணும். அது வரைக்கும் நான் நல்லா இருக்கேன்னு இவங்க நம்பணும். நீங்க இன்னொரு தடவை இந்த வாசலுக்கு வந்தா நம்ப மாட்டாங்க. போயிடுங்க."

பக்கத்து வீட்டு ஜன்னல்ல துணி விலகுச்சு. நான் வந்துட்டேன்.

அதுக்குப் பிறகு நான் அந்த லயத்துக்குப் போகவே இல்லை. போனா அவங்களுக்குக் கெடுதல்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டேன், ஆபீஸ்லயும் அப்படித்தான் எழுதிக் குடுத்தேன். பாதி உண்மை. மீதியையும் இப்போ சொல்லிடறேன், கேட்டுக்கோங்க: எனக்கு அவங்க முகத்தைப் பாக்க வெக்கமா இருந்துச்சு. வேற வழி தேடியிருக்கலாம். அந்த மலாய்ப் பொண்ணை அனுப்பியிருக்கலாம், அதை அந்த லயத்துல யாருக்கும் தெரியாது. கம்போங் ராஜாவுல எனக்குத் தெரிஞ்ச கடைக்காரம்மா இருந்தாங்க, அவங்க மூலமா மருந்தைக் குடுத்திருக்கலாம். ஒண்ணு ஆகாட்டி இன்னொண்ணுன்னு முட்டியிருக்கணும். ரெண்டு யோசனையும் எனக்கு வந்துச்சு. வந்ததை நாளைக்கு, அடுத்த வாரம்னு தள்ளிப் போட்டேன். தப்பு செஞ்சவ அதைச் சரி பண்ண ஓடணும், நான் ஓடி ஒளிஞ்சேன்.

ஒரு வருஷம்கூட முழுசா ஓடல. இருமல் வந்து, காச நோய்னு தெரிஞ்சு, கீழ ஆஸ்பத்திரியில படுக்க வச்சப்போ ரொம்ப முத்திப் போச்சு. பொண்ணுக்குப் பரீட்சைக்கு இன்னும் பல மாசம் இருந்துச்சு. அங்கேயே போய்ச் சேந்துட்டாங்க, அம்மாவை வண்டியில லயத்துக்குக் கொண்டு வந்தாங்க.

மறுநாள் காலையில நான் போனேன். அன்னைக்குப் போக வெக்கப்படல, எதுக்கு வெக்கப்படப் போறேன் இனிமே. கணக்கு டீச்சரும் வந்திருந்தாங்க. என்னைப் பாத்ததும் என் தோளைப் பிடிச்சுக்கிட்டு ஓன்னு அழுதாங்க. "என் மககிட்ட மட்டுந்தான் சொன்னேன் மிஸ்ஸி, என் மககிட்ட மட்டுந்தான்"னு திரும்பத் திரும்பச் சொன்னாங்க. அவங்களைத் திட்ட எனக்கு என்ன யோக்கியதை இருக்கு?

லயத்துப் பொம்பளைங்க ரோட்டு ஓரமா கும்பலா நின்னாங்க. அழுதாங்க, இல்லைன்னு சொல்லல. ஆனா குளிப்பாட்டற நேரம் வந்ததும் ஒருத்தரும் கிட்ட வரல. அந்த பங்களாதேஷ் ஆள் ஒருத்தன்தான் யாரும் கேக்காமலே ரெண்டு வாளி தண்ணி பிடிச்சு வாசல்ல வச்சுட்டு ஒதுங்கி நின்னான். நான் புடவையைத் தூக்கிச் சொருகிக்கிட்டு வாளியை எடுத்தேன். எத்தனை பேரைக் கழுவித் துடைச்சு அனுப்பின கை இது. டீச்சரும் கண்ணைத் துடைச்சுக்கிட்டு என் பின்னாடி வந்தாங்க.

வாசப்படியில அந்தப் பொண்ணு நின்னா. பள்ளிக்கூட ஸ்வெட்டர்தான் போட்டிருந்தா. என் கையிலேருந்து வாளியை வாங்கிக்கிட்டா. டீச்சரைப் பாத்தா, என்னைப் பாத்தா.

"நீங்க ரெண்டு பேரும் வெளிய நில்லுங்க. எங்க அம்மாவைத் தொடாதீங்க. நான் குளிப்பாட்டிக்கறேன்."

கதவைச் சாத்திட்டா. உள்ள தண்ணி ஊத்தற சத்தம் கேட்டுச்சு, தம்பிகிட்ட சோப்பு எடுடான்னு அவ சொன்னது கேட்டுச்சு. நானும் டீச்சரும் ரோட்டுல நின்ன பொம்பளைங்களோட போய் நின்னோம். எங்க இடம் அதுதான்.

காரியம் முடிஞ்சதும் ரெண்டு பிள்ளைங்களையும் அவங்க மாமா கீழ கூட்டிக்கிட்டுப் போயிட்டாரு. வீட்டை வேற ஆளுக்குக் குடுத்துட்டாங்க. அந்தப் பொண்ணு பரீட்சை எழுதினாளான்னு விசாரிச்சேன், யாருக்கும் சரியாத் தெரியல. பையனுக்கு ரத்தம் பாத்துட்டாங்க, ஒண்ணும் இல்லை. தட்டு தட்டா ஊட்டி வளத்த பிள்ளை, ஒண்ணும் இல்லை.

அந்த வருஷ சர்வேயை எடுக்க அதே பள்ளிக்கூடத்துக்கு நான்தான் போகணும். முடியாதுன்னு சொல்லியிருக்கலாம், போனேன். இந்தத் தடவை எல்லாம் விதிப்படி. தாள்ல ஒரு புள்ளிகூட வைக்கக் கூடாதுன்னு சொன்னேன், உறையை ஒட்டினேன், ஆபீஸ்லதான் பிரிச்சேன். எது நம்ம பிள்ளைங்க தாள்னு அடையாளம் இல்லாமலே தெரிஞ்சுது, அவ்வளவு சுத்தம். எந்தப் பழக்கமும் இல்லை. எந்தப் பயமும் இல்லை. எச்.ஐ.வி. இருக்கற யாரையும் தெரியாது. இதையெல்லாம் பேச வீட்டுல ஆள் இருக்கா? இருக்கு. ஒரே நேர் கோடா கீழ வரைக்கும் டிக் போட்டிருந்தாங்க. கடைசிப் பக்கம் அத்தனையும் வெள்ளை. ஒரு கேள்விகூட இல்லை.

மேலேருந்து கடிதம் வந்துச்சு. அந்தப் பள்ளிக்கூடத்துல நல்ல முன்னேற்றம் தெரியுதாம், போன தடவையைவிட ரொம்ப நல்லா இருக்காம், நம்ம பாடம் பிள்ளைங்க மனசுல பதிஞ்சிருக்காம். படிச்சுட்டு கீழ கையெழுத்துப் போட்டுத் திருப்பி அனுப்பணும், அறிக்கை சரிதான்னு.

நான் போட்டு அனுப்பினேன்.